விடட்டோ, எறியட்டோ

"இஞ்சை பாருங்கோ, உங்கடை பேருக்கு ஒரு மெயில் வந்து நிண்டுபோய்க் கிடக்கு. விடட்டோ, எறியட்டோ?"

காலை ஒன்பது மணிக்கு எங்கள் கந்தோரில் யாருடைய போன் அடித்தாலும், எடுத்தவுடன் இந்தக் கேள்விதான் வரும். கேட்பவரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்போம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதட்டோ என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் எதையும் செய்தால் அவருக்குப் பிடிக்காது. அதை நான் எப்படிப் படித்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்களுடையது வயல், தோட்டம், ஆடு, மாடு என்று ஊர்களுக்குள் வேலை செய்கிற நிறுவனம். தலைமைக் கந்தோர் கிளிநொச்சியில். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளைகள். எங்களுக்கு வருகிற மின்னஞ்சல் எல்லாம் அவரவர் பெட்டிக்குப் போகுமுன் ஒரு பாதுகாப்பு மென்பொருளைத் தாண்ட வேண்டும். நல்ல கடிதம் என்றால் அது விடும். வைரஸ் என்றால் வெட்டும். சந்தேகம் என்றால் மறித்து வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் முடிவுக்குக் காத்திருக்கும். அந்த மனிதர் மிஸ். மென்பொருள், சேர்வர், வயர் என்று மிச்ச இழவுகள் எல்லாம் என் பொறுப்பு. நான் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், அவரைவிடப் பத்து மடங்கு அவசரக்காரன்.

வேறு எந்தக் கந்தோரிலும் இது கால் மணித்தியால வேலை. மறித்துக் கிடக்கிற கடிதங்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் எது குப்பை என்று தெரியும். தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். மிஸ் பத்தரை மணிவரை போனில் இருப்பார். ஒவ்வொரு கடிதத்துக்கும் உரியவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

ஒருமுறை பணிப்பாளர் வெளிநாட்டு விருந்தாளிகளோடு கூட்டத்தில் இருந்தார். மிஸ் கூப்பிட்டார். அவசரம் என்று நினைத்துப் பணிப்பாளர் போனை எடுத்தார்.

"சேர், உங்களுக்கு லொத்தரிலை ஒரு கார் விழுந்திருக்காம். நான் நம்பேல்லை. எண்டாலும் உங்களைக் கேக்கவேணும் தானே."

"எறியுங்கோ மிஸ்! எறிஞ்சு தொலையுங்கோ!"

"சரி சேர். எறியிறன்."

பரந்தன் பக்கம் வேலை பார்க்கிற விவசாய உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். தலையில் மருந்துக்கும் ஒரு மயிர் கிடையாது. அவர் நாற்று நடுகிற வயலுக்குள் முழங்கால் சேற்றில் நிற்கும்போது மிஸ் கூப்பிட்டிருக்கிறார். "கையெல்லாம் சேறு மிஸ், நீங்களே பாத்துச் செய்யுங்கோ" என்றாராம் அவர். "நான் பாத்துச் செய்யமாட்டன். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, நான் போனிலை நிக்கிறன்" என்று இவர் நின்றிருக்கிறார். அவர் வாய்க்காலில் கை கழுவி வந்து கேட்டால், தலைமயிர் வளர்க்கிற எண்ணெய் விளம்பரம். கந்தோரே விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "அந்த மனுசனுக்கு அது வேணுமோ வேண்டாமோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்.

கேட்பாரே தவிர வாசிக்கமாட்டார். அவருடைய மேசையில் ஒரு நீல நிற பைல் மட்டை எப்போதும் இருக்கும். மறித்த கடிதத்தைத் திறந்தவுடன் அந்த மட்டையைத் திரையின் கீழ்ப்பாதியில் பிடித்துக்கொள்வார். அனுப்பியவர் பெயரும் தலைப்பும் மட்டும் மேலே தெரியும். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளைக்கு ஒரு காலம் பூவும் இதயமுமாய்ப் படங்கள் வந்து ஒவ்வொரு நாளும் மாட்டுப்படும். அதை மிஸ் போனில் சொல்லமாட்டார். எழும்பி நடந்து போய், மேசையில் குனிந்து, காதுக்குள் கேட்டுவிட்டு வருவார். அந்தப் பிள்ளை அந்தப் பொடியனையே கட்டிக்கொண்டது. கலியாண வீட்டில், கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று மிஸ்ஸை நோண்டிப் பார்த்தோம். "நான் ஏன் பாத்தன்? எனக்கோ வந்தது?" என்றார்.

தேத்தண்ணி ஊற்றுகிறவர் கேட்காமல் சீனி போட்டால் மிஸ்ஸுக்கு முகம் சுருங்கும். யன்னலைச் சாத்துவதற்குக்கூடப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வயதில் குறைந்த ஆண்களைப் பெண்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ் கூப்பிடமாட்டார். என்னையும் "இஞ்சை பாருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். ஏனென்று கனகாலம் நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மறித்த கடிதங்கள் அழியாமல் சேர்ந்து சேர்ந்து பழைய சேர்வர் மூச்சுவிட ஏலாமல் நின்றது. இத்தனை நாளில் அழி என்று அந்த மென்பொருளுக்கு ஒரு கெடு சொல்லி வைக்கலாம். மிஸ், ஒருநாளும் அழிக்காதே என்று வைத்திருந்தார். போன் எடுக்காதவர்களின் குப்பையெல்லாம் வருடக் கணக்காக அங்கே கிடந்தது.

"மிஸ், உதென்ன விசர் வேலை?" என்றேன். "குப்பை எண்டு தெரிஞ்சதை எறியிறதுக்கு என்னத்துக்கு ஆளைக் கேக்கிறியள்?"

அவர் சோற்றுப் பார்சலை மடித்து ஒரு பக்கம் வைத்தார்.

"எனக்கு ஒரு தம்பி" என்றார். "சுவிஸிலை. அம்மாவுக்குப் புற்றுநோய் எண்டு தெரியவர அவனுக்கு அங்கை அகதி வழக்கு முடியேல்லை. சொன்னா உடனை வந்திடுவான். வந்தாத் திரும்பிப் போகேலாது. அவன்ரை நன்மைக்குத்தானே எண்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து மறைச்சம். ஏழு மாசம். போன் எடுத்தா அம்மா கோயிலுக்குப் போட்டா எண்டுவன். குளிக்கிறா எண்டுவன். கடைசி மாசம் அம்மாவுக்குக் குரலும் இல்லை. அப்பவும் அம்மா நித்திரை எண்டனான்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சாப்பிறகு சொன்னன். அவன் கத்தேல்லை. ஏசேல்லை. ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். 'வாறதோ விடுறதோ எண்டு என்னட்டைக் கேட்டிருக்கலாமே அக்கா' எண்டு மட்டும் சொன்னவன். பிறகு நம்பரை மாத்திப்போட்டான். ஒன்பது வருசமாச்சு. என்ரை இந்தக் கந்தோர் மெயில் மட்டும் அவனட்டை இருக்கு. பிறந்தநாளுக்கு நான் எழுதுவன். பதில் வராது."

பிறகு பார்சலை விரித்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, காலையில் கதிரையில் இருந்தவுடன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு அவர் முதலில் தட்டிப் பார்ப்பது தன்னுடைய பெயரைத்தான் என்று. "எனக்கு ஏதும் நிண்டு கிடக்கோ?" என்பதுதான் அந்த முணுமுணுப்பு. தன்னையே கேட்டுக்கொள்வார். பிறகுதான் மற்றவர்களுடைய கடிதங்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சேர்வரை மாற்றுகிற நாள் வந்தது. கிளிநொச்சியில் இருந்த பழைய இயந்திரம் கரண்ட் போய் வரும்போதெல்லாம் இருமியது. வவுனியாக் கிளையில் குளிரூட்டிய அறையும் புது இயந்திரமும் இருந்தன. பாதுகாப்பு மென்பொருளின் தரவுத்தளத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். அந்தத் தரவுத்தளத்தில் முக்கியமாக இரண்டு விசயம்: மறித்து வைத்த கடிதங்கள், சோதிக்காமல் நேரே விடவேண்டியவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலை மிஸ்தான் பதினொரு வருடமாக ஒவ்வொரு பெயராகச் சேர்த்தவர்.

அதே கிழமை அவருக்குக் கண்ணில் வெண்புரை ஒப்பிரேஷன். ஒரு மாதம் லீவு. திரை பார்க்கக் கூடாது, அடுப்படிப் புகை கூடாது.

"நான் வருமட்டும் நிப்பாட்டி வைக்கேலாதோ?" என்று கேட்டார்.

"இயந்திரம் எந்த நேரத்திலை விழுமோ தெரியாது மிஸ். பணிப்பாளரும் கெதியாச் செய்யச் சொல்லி நிக்கிறார்."

"சரி. செய்யுங்கோ. ஆனா என்னைக் கேக்காமல் ஒண்டையும் எறிஞ்சுபோடாதையுங்கோ."

"ஓம் மிஸ், ஓம்."

அந்த இரண்டு ஓமையும் இன்றைக்கும் என் வாயில் வைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் இணைய இணைப்பில் அவ்வளவு தரவையும் அனுப்பினால் பொங்கலுக்குத் தொடங்கியது தீபாவளிக்குத்தான் போய்ச் சேரும். ஆகையால் பழைய சேர்வரை நிறுத்தி, தரவுத்தளத்தை ஒரு வன்தட்டில் பிரதி எடுத்து, துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வவுனியா பஸ் ஏறினேன். கொண்டக்டர் பொதியைப் பார்த்து "உதுக்கை என்ன அண்ணை?" என்றார். "கடிதங்கள்" என்றேன். "தபால் கந்தோரோ?" என்று சிரித்துவிட்டு ரிக்கற் கிழித்தார். எனக்கும் அன்றைக்கு நல்ல சந்தோசமாகத்தான் இருந்தது.

வவுனியாவில் பிரதியை இறக்கினேன். இறங்கியது, ஆனால் பொதிமாடு நடப்பதுபோல் நடந்தது. வருடக் கணக்கான குப்பை. பட்டியலிலும் நூற்றுக்கணக்கான முகவரிகள். பாதிப்பேர் வேலையை விட்டவர்கள், நாட்டை விட்டவர்கள், செத்துப்போனவர்கள். எனக்கு விசர் வந்தது. மூன்று வருடமாக ஒரு கடிதமும் அனுப்பாத முகவரிகளை எடு, பழைய மறித்த கடிதங்களை அழி என்று ஒரே ஒரு வரி எழுதினேன். ஒருதரம் தட்டினேன். முடிந்தது. புது மென்பொருளில் மறித்த கடிதங்களுக்குப் பதினாலு நாள் கெடு என்று இருந்தது. அதை மாற்றாமல் விட்டேன். நாளாந்தப் பிரதி எடுக்கிற வேலையை மிஸ் வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். காற்றுப்போல் ஓடியது சேர்வர். பணிப்பாளர் முதுகில் தட்டினார். மறித்த கடிதங்களைப் பார்க்கிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மிஸ் லீவில் போய் மூன்றாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை. எல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று பதிவேட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் அழிந்தாலும் வந்த விபரம் ஒரு வரியாக அதில் இருக்கும். அப்படி ஒரு வரியில் என் கண் நின்றது.

அனுப்பியவர், ஒரு சுவிஸ் முகவரி. பெறுபவர், மிஸ். இணைப்பு, குரல் பதிவு ஒன்று. அறியாத முகவரி, குரல் இணைப்பு, ஆகையால் மறித்து வைக்கப்பட்டது. பதினாலு நாள் கெடு முடிந்து செவ்வாய்க்கிழமை அழிக்கப்பட்டது.

தலைப்பில் ஒரு சொல்தான் இருந்தது. அக்கா.

எனக்குத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். கொழும்பில் இருக்கும் சிநேகிதன் புது சேர்வரின் வன்தட்டைத் தூரத்தில் இருந்தே நோண்டிப் பார்த்தான். "அதுக்கு மேலாலை வேறை எழுதுப்பட்டிட்டுது, ஒண்டும் எடுக்கேலாது மச்சான்" என்றான். துவாயில் சுற்றிக் கொண்டுபோன வன்தட்டை மாட்டிப் பழைய பட்டியலைத் திறந்தேன். அந்த முகவரி இருந்தது. ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் மிஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார்: பால் சங்கம், விதை நெல்லுக்காரர், இப்படி. இந்த முகவரிக்குப் பக்கத்தில் "வந்தால் விடவும்" என்று எழுதியிருந்தார். நான் எடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு கேள்வியும் இல்லாமல் நேரே அவருடைய பெட்டிக்குப் போயிருக்கும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த மனிசன் எழுதவில்லை, பேசியிருக்கிறான். அந்தக் குரலை நான் அழித்துப்போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தோடம்பழம் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பளைக்குப் போனேன். மிஸ் அங்கே மச்சாள் வீட்டில்தான் கண் ஆறும்வரை இருந்தார். வழி முழுக்க எப்படிச் சொல்வதென்று பாடமாக்கினேன். காலில் விழுவதென்றாலும் விழத்தான் போனேன்.

மிஸ் கறுப்புக் கண்ணாடியோடு விறாந்தைக் கதிரையில் இருந்தார். என் குரலைக் கேட்டு முகம் மலர்ந்தது.

"சேர்வர் போய்ச் சேர்ந்திட்டுதோ?"

"ஓம் மிஸ்."

"ஒண்டும் எறியேல்லைத் தானே?"

நான் இருமினேன். அதற்குள் மச்சாள், "தம்பி, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ, உந்தக் கிணத்து மோட்டர் இழுக்குதில்லை" என்று என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கிணற்றடியில் மோட்டருக்கு ஒரு குறையும் இல்லை.

"தம்பி, அவாவுக்கு ஒரு கவலையான கதையும் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார் மச்சாள் குரலைத் தாழ்த்தி. "அழுதா கண் பழுதாப்போம். டொக்டர் வடிவாச் சொல்லி விட்டவர். சுவிஸிலை அவான்ரை தம்பியார் ஆஸ்பத்திரியிலை. ஈரல் முழுக்கப் பழுதாம். அதையே நாங்கள் இன்னும் சொல்லேல்லை. கண் ஆறட்டும், ஆறுதலாச் சொல்லுவம்."

நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பியார் சாகக் கிடக்கிறார் என்று மச்சாளுக்குத் தெரியும். அவர் அக்காவுக்குப் பேசி அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அந்த நேரம் நான்தான். பத்து அடி நடந்து போய் இரண்டு வசனம் சொன்னால், மிஸ் அந்த நிமிசமே மச்சாளின் போனைப் பறித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்திருப்பார்.

ஆனால் கண். அழுதால் கண் பழுதாகும். அவருடைய நன்மைக்குத்தானே. இன்னும் ஒரு கிழமைதானே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு முன்பக்கம் வந்தேன்.

"போட்டு வாறன் மிஸ்."

"இருங்கோ" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பினார். "எனக்கு ஏதும் நிண்டு கிடக்கோ?"

"இல்லை மிஸ்" என்றேன்.

அது பொய்யில்லை. நின்று கிடந்தது செவ்வாய்க்கிழமையே அழிந்துவிட்டது. அப்படித்தான் மோட்டார் சைக்கிளில் வரும்போது என் மனச்சாட்சிக்கு நியாயம் சொல்லிக்கொண்டு வந்தேன். என்ன கேவலமான நியாயம்!

ஞாயிற்றுக்கிழமை சுவிஸில் தம்பியார் செத்துப்போனார். அதையும் மறைத்தார்கள். பிரேதம் எரித்ததை மச்சாள் வீட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்த்தார்களாம். மிஸ் விறாந்தையில் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். டொக்டர் கண்ணைப் பார்த்து எல்லாம் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகுதான், பத்து நாள் கழித்துச் சொன்னார்கள்.

லீவு முடிந்து மிஸ் வந்தார். வெளிறிய நூல் சேலை. கண்கள் இரண்டும் நல்ல தெளிவாக இருந்தன. மற்றவர்கள் எழும்பி நின்று துக்கம் விசாரித்தார்கள். அவர் கதிரையில் இருந்தார், புது சேர்வருக்குள் போனார், வாய்க்குள் ஏதோ சொன்னார், தன் பெயரைத் தட்டினார். நான் என்னுடைய மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய்த் தடுக்கவும் தெரியவில்லை, ஓடிப்போகவும் தெரியவில்லை.

நீல மட்டை அவர் கையில் இருந்தது. அதை மெல்ல மேசையில் வைத்தார். அவருக்கு வந்த கடிதம், முழுதாகப் பார்க்கலாம். பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"இஞ்சை பாருங்கோ" என்றார். நான் போனேன். அவருடைய விரல் திரையில் அந்த வரியில் இருந்தது.

"உது எப்ப கண்டனீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை.

"வியாழக்கிழமை, மிஸ்."

"நீங்கள் பளைக்கு வந்தது வெள்ளி."

"ஓம்."

"அவன் ஞாயிறு வரை உயிரோடை இருந்தவன்." விரலை எடுக்காமல் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மச்சாளும் உங்களுக்குச் சொன்னவா, என்ன?"

"சொன்னவா. அழுதா உங்கடை கண்..."

"கண்" என்றார்.

நான் அழுதேன். முப்பத்தெட்டு வயது மனிசன் கந்தோர் நடுவில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவர் அழவில்லை. கண்ணைத் துடைக்க எனக்குத் தன்னுடைய லேஞ்சியைத் தந்தார்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்றார். "மிஸ், ஒரு கவலையான கதை இருக்கு, சொல்லட்டோ விடட்டோ எண்டு. கண்ணோ தம்பியோ எண்டு நான் சொல்லியிருப்பன்."

அன்றைக்கும் பத்தரை மணிவரை போனில் இருந்தார். "உங்கடை பேருக்கு ஒரு மெயில் நிண்டுபோய்க் கிடக்கு. விடட்டோ, எறியட்டோ?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது அவருடைய மேசைக்குப் போய், "மிஸ், அந்த முகவரியைத் திரும்பப் பட்டியலிலை போடட்டோ?" என்று கேட்டேன். பதினொரு வருடத்தில் நான் அவரைக் கேட்டு ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை. "போடுங்கோ" என்றார். பழைய குறிப்போடு போட்டேன்.

நாலு மாதத்தில் முல்லைத்தீவுக் கிளைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கே அவருக்குக் களஞ்சியத்தில் வேலை. விதை மூட்டையும் மண்வெட்டியும் கொடுத்து வாங்குகிற வேலை. கொம்பியூட்டர் இல்லை. நீல மட்டையைக் கொண்டு போகவில்லை. அது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதை எடுத்துப் பிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் காலையில் போன் எடுத்துக் கேட்கிறேன். கந்தோர் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

இந்த மாதம் அந்தத் தரவுத்தளம் இன்னொரு தடவை இடம் மாறுகிறது. இந்த முறை பஸ்ஸும் இல்லை, துவாயும் இல்லை. கொழும்பில் ஒரு நிறுவனம் தன்னுடைய சேர்வருக்கு எடுக்கிறது. அங்கே வேலை செய்கிற பிள்ளை கெட்டிக்காரி. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறாள். நேற்று எழுதியிருந்தாள்: பட்டியலில் ஒரு முகவரி கனகாலமாகப் பாவனையில் இல்லை, கொண்டுவரவா, நீக்கவா?

அது என்னுடையது இல்லை. நான் முல்லைத்தீவுக்குப் போன் எடுத்தேன். மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவில் மிஸ் எடுத்தார். சுகம் விசாரித்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"மிஸ், உங்கடை தம்பியின்ரை முகவரி. புது இடத்துக்கு விடட்டோ, எறியட்டோ?"

மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. யாரோ அவரை எத்தனை மூட்டை என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"என்னட்டை ஏன் கேக்கிறீங்கள்?" என்றார் பிறகு. காலை ஒன்பது மணிக்குப் பேசுகிற அதே குரல். "அது அவன்ரை பேர். அவனைக் கேக்காமல் நான் எப்பிடிச் சொல்லுறது?"

கொழும்புப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.